கால்டுவெல் ஐயர்: ஆராய்ச்சியும் விசுவாசமும்

கல்லூரியிற் பயிலும் கிறிஸ்தவ மாணவர் பலரை வருத்தும் ஐயம் ஒன்று உண்டு. காலையில் ஜெபாலயத்தில் ஆதியாகமத்தின் முதலதிகாரத்தைக் கேட்கின்றோம். அன்று நண்பகலிலேயே, உயிர்கள் யாவும் ஒரு பொதுமுதலினின்று நெடுங்காலத்திற் சிறிது சிறிதாகத் திரிந்து பல்கினவென்னும் பரிணாமக் கொள்கையை உயிர்நூல் மாணவர் கற்கின்றனர். இவ்விரண்டனுள் ஒன்றைக் கொள்ளின் மற்றொன்றை விடவேண்டுமோ எனக் கலங்கிச் சிலர் விசுவாசத்தைத் துறக்கின்றனர். சிலர் பாடத்தைத் தேர்வுக்கு மட்டும் மனப்பாடஞ் செய்துவிட்டு மனக்கதவை அடைத்துக்கொள்கின்றனர். இவ்விருதிறத்தாரும் அறிந்து பயன்பெறத்தக்க வாழ்க்கை ஒன்று நம் திருநெல்வேலிச் சீமையிலேயே நடந்திருக்கின்றது. அது தமிழ் மாணவர் அனைவரும் பெயரளவிலேனும் அறிந்த அத்தியட்சர் இராபர்ட் கால்டுவெல் ஐயரின் வாழ்க்கை. அவர் உயிர்நூல் வல்லாரல்லர், மொழிநூல் வல்லார். எனினும் ஆராய்ச்சியையும் விசுவாசத்தையும் அவர் ஒருங்கே போற்றிய நெறி நம் ஐயத்திற்கு விடை காட்டும் என்பது நம் கருத்து.

கால்டுவெல் ஐயர் 1814-ஆம் ஆண்டு மே மாதம் 7-ஆம் நாள் அயர்லாந்து நாட்டில், ஸ்காத்லாந்து மரபினரான பெற்றோருக்குப் பிறந்தார். இளமையிலே பெற்றோருடன் கிளாஸ்கோ நகர் சேர்ந்தார். முதலில் ஓவியக்கலை பயின்றவர், பின்னர் இறைபணியில் நாட்டங்கொண்டு இலண்டன் மிஷன் சங்கத்தின் துணையால் கிளாஸ்கோப் பல்கலைக்கழகத்திற் கற்றார். அங்கே கிரேக்கமொழிப் பேராசிரியராக விளங்கிய சாண்ட்போர்டு என்பார், மொழிகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டு நோக்கும் முறையைத் தம் விரிவுரைகளில் எடுத்துரைத்தார். அன்று அம்மாணவர் உள்ளத்தில் விழுந்த வித்தே பிற்காலத்தில் தமிழ்நாட்டிற் பெருமரமாய்த் தழைத்தது.

1838-ஆம் ஆண்டு சென்னை வந்திறங்கிய ஐயர், அங்கே மூன்றாண்டுகள் தங்கித் தமிழ் கற்றார். 1841-இல் இங்கிலாந்துத் திருச்சபையிற் சேர்ந்து, நற்செய்திப் பரவற் சங்கத்தின் குருவாகத் திருநெல்வேலிக்குப் புறப்பட்டார். குதிரையும் பல்லக்கும் அக்காலத்து ஐரோப்பியர்க்கு இயல்பாயிருக்க, அவரோ மக்களையும் அவர்தம் வழக்கங்களையும் நேரிற் கண்டறிய விரும்பி, நெடுவழியைக் கால்நடையாகவே கடந்து அவ்வாண்டின் இறுதியில் இடையன்குடி சேர்ந்தார்.

இடையன்குடி செம்மணல் தேரியும் பனைமரமும் நிறைந்த வறண்ட ஊர். அங்கே ஐயர் தெருக்களை ஒழுங்குசெய்தார், கிணறுகள் தோண்டுவித்தார், பள்ளிகள் நிறுவினார். 1844-இல் அவர் மணந்த எலிசா அம்மையார், நாகர்கோயிலில் ஊழியஞ் செய்த மால்ட் ஐயரின் திருமகளார். தமிழை இளமைமுதற் பேசிப் பழகிய அவ்வம்மையார் பெண்மக்களுக்குக் கல்வியும் பின்னற்றொழிலும் கற்பித்தார். 1847-இல் தொடங்கப்பெற்ற பரிசுத்த திரித்துவ ஆலயம், பொருள் கிடைக்குந்தோறும் கல்மேற் கல்லாக எழும்பி, 33 ஆண்டுகள் கழித்து 1880-இல் நிறைவெய்தியது.

இத்தனை பணிகளுக்கிடையே 1856-இல் அவர் வெளியிட்ட திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணமே அவர் பெயரை உலகறியச் செய்தது. அந்நூலின் பொருளை உணர நெடுந்தொலைவு செல்லவேண்டுவதில்லை. கோவிற்பட்டிக்கு அணித்தாகவுள்ள நம் இடைசெவலுக்கு வந்தாற் போதும். இக்கரிசற் சீமையில் தமிழ் பேசும் வீடும் தெலுங்கு பேசும் வீடும் ஒரே தெருவில் அடுத்தடுத்து நிற்கும். விசயநகரப் பேரரசின் காலத்தும் அதன் பின்னும் தெற்கே வந்து குடியேறியோர் வழியினர் வீட்டிலே தெலுங்கும் வெளியிலே தமிழும் வழங்குவர். தமிழிலே கண், கால், ஊர் என்பன தெலுங்கிலே கன்னு, காலு, ஊரு எனப்படுதலை இங்குள்ள சிறுபிள்ளையும் அறியும். இவ்வொற்றுமை தற்செயலோ, ஒன்று மற்றொன்றினின்று இரவல் பெற்றதோ, இரண்டும் ஒருதாய் வயிற்றுப் பிள்ளைகளோ என்பதே வினா.

அக்காலத்துப் பலர் இந்திய மொழிகளனைத்தும் வடமொழியினின்றே பிறந்தனவென்று கருதினர். வேதாகமத்தை எழுத்தெழுத்தாகப் பொருள்கொள்வாரோ, பாபேலிலே ஒரே நாளில் மொழிகளெல்லாம் பிரிந்தன என்றனர். எல்லிஸ் துரை 1816-ஆம் ஆண்டிலேயே தென்னாட்டு மொழிகள் தனியினம் என்று சுட்டியிருந்தார். கால்டுவெல் ஐயர் அதனை முறைப்பட விரித்து நிறுவினார். சொற்களை மட்டுமன்றி எண்ணுப்பெயர், மூவிடப்பெயர், வேற்றுமையுருபு, வினைவிகுதி ஆகியவற்றையும் ஒப்புநோக்கினார். ஏனெனில் சொற்களை இரவல் பெறுவது எளிது, இலக்கண அமைப்பை இரவல் பெறுவது அரிது. 1875-இல் வெளிவந்த இரண்டாம் பதிப்பில், தமிழ் முதலிய திருந்திய மொழிகள் 6, தோடம் முதலிய திருந்தா மொழிகள் 6, ஆக 12 மொழிகளை ஒரு குடும்பமாக வகுத்தார்.

இம்மாற்றங்கள் கண்டவாறு நிகழ்வனவல்ல. தமிழிலே பால், பத்து, புலி என்பன கன்னடத்திலே ஹாலு, ஹத்து, ஹுலி என நிற்கின்றன. பழங்கன்னடத்திலோ பகரமே இருந்தது. ஒரு மொழி பேசுவோர் மலையாலும் தொலைவாலும் பிரிந்து வாழ, தலைமுறைதோறும் ஒலி சிறிது திரிந்து, பல நூற்றாண்டுகளில் ஒரு மொழி பலவாயிற்று. எந்தத் தாயும் தன் பிள்ளை அறியாத மொழியைப் பேசியதில்லை. எனினும் மொழி மாறியே வந்திருக்கின்றது. ஒன்பது என்னும் சொல்லினுள்ளே பத்தென்பது கரந்து நிற்றலையும் ஐயர் எடுத்துக்காட்டினார். இன்று எண்ணுவோர்க்கு அது தோன்றாவிடினும், பழமையின் அடையாளமாக அச்சொல்லில் அது தங்கியிருக்கின்றது.

ஒப்பிலக்கணம் வெளிவந்து 3 ஆண்டுகள் கழிந்து, 1859-இல் சார்லஸ் டார்வின் உயிரினங்களின் தோற்றத்தைப்பற்றிய நூலை வெளியிட்டார். உயிரினங்களை அவற்றின் மரபுவழியே வகைப்படுத்தவேண்டும் என்பதற்கு அவர் காட்டிய உவமைகளுள் ஒன்று மொழிகளின் மரபே. பயனிழந்தும் உடலிலே எஞ்சி நிற்கும் உறுப்புக்களுக்கு, ஒலிப்பில் வாராமல் எழுத்தில் மட்டும் எஞ்சி நிற்கும் எழுத்துக்களை அவர் ஒப்பிட்டார். மொழியும் உயிரும் ஒரே காரணத்தால் மாறுவனவல்ல என்பது மெய்யே. கரிசல் உழவன் செழித்த செடியின் விதையைத் தெரிந்து வைத்து விதைக்க, கருங்கண்ணிப் பருத்தி தலைமுறைதோறும் திருந்துகின்றதன்றோ? அவ்வாறே இயற்கையில் சூழ்நிலைக்கு ஏற்ற உயிர்கள் மிகுதியாகப் பிழைத்துப் பெருக, அவற்றின் இயல்பு வழிவழி நிலைபெறுகின்றது என்பது டார்வின் கொள்கை. மொழியில் இத்தெரிவு இல்லை. ஆயினும் பொதுமுதல், படிப்படியான திரிபு, நெடுங்காலம் என்னும் மூன்றும் இரண்டற்கும் ஒக்கும். 2018-ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆராய்ச்சியில், உயிர்நூலார் உயிரினங்களின் கால்வழியைக் கணிக்கும் முறையையே கையாண்டு 20 திராவிட மொழிகளை ஆராய்ந்து, இக்குடும்பம் ஏறத்தாழ 4,500 ஆண்டுகள் பழமையுடையதெனக் கணித்தனர். கால்டுவெல் வகுத்த குடும்பமும் டார்வின் வழிவந்தோர் முறையும் அங்கே கைகோத்து நின்றன.

காலத்தின் பெருமையை ஐயர் மண்ணிலும் கண்டார். பாண்டியர் முத்துத்துறையாகிய கொற்கையை அவர் தேடியபோது, அது கடற்கரையில் அன்றிச் சில மைல் உள்நாட்டிலே சிற்றூராய்க் கிடந்தது. தாமிரபரணி ஆண்டுதோறும் கொணர்ந்த வண்டல் கடலைப் பின்தள்ள, துறைமுகம் உள்நாடாயிற்று என்று அவர் தெளிந்தார். எந்த ஓராண்டிலும் எவர் கண்ணுக்கும் புலப்படாத மாற்றம், பல நூற்றாண்டுகளிற் கடலையே பெயர்த்தது.

ஐயர் பிழையற்றவரல்லர். நாடார் மக்களைக் குறித்து 1849-இல் அவர் எழுதிய நூல், அம்மக்களைத் தாழ்த்தியுரைத்து அவர் உள்ளத்தைப் புண்படுத்தியது, கடுங்கண்டனமும் எழுந்தது. திராவிட மொழிகளைச் சித்திய மொழிகளோடு உறவுபடுத்திய அவர் கருத்தைப் பிற்கால அறிஞர் ஏற்றிலர். மக்களை உயர்வு தாழ்வெனப் படிகளில் நிறுத்துதல் ஆராய்ச்சியாகாது. பரிணாமக் கொள்கையையும் அவ்வாறு திரித்து வழங்கினோர் உளர். நாம் கொள்ளவேண்டுவது ஐயரின் முடிவுகள் அனைத்தையுமன்று. சான்று காட்டும் வழியே செல்லும் அவர் நெறியையே.

1877-இல் அவர் அத்தியட்சராக அபிஷேகம் பெற்றார். அக்காலத்தே கொடும்பஞ்சம் தென்னாட்டை வாட்டியது. உண்மையை நோக்கின், விசுவாசத்தைச் சோதிப்பது படைப்புக்கு எத்தனை ஆண்டுகள் ஆயின என்னும் வினாவன்று. அன்பே உருவான இறைவன் படைப்பில் பசியும் சாவும் ஏன் என்னும் வினாவே. பரிணாமங் கற்போரையும் அதுவே மிகுதியாக உறுத்தும். அவ்வினாவை எந்த ஒப்பிலக்கணமும் தீர்க்காது. பஞ்ச நிவாரணப் பணியில் ஐயர் தம்மை ஈடுபடுத்தினார். அறிவு நின்றுவிடும் இடத்தில் அன்பு நடக்கவேண்டுமென்பதை அச்செயல் காட்டுகின்றது.

இனி, அவர் காலத்துக் கிறிஸ்தவர் அனைவரும் டார்வினை எதிர்த்தனர் என்று எண்ணுதல் தவறு. அமெரிக்கத் தாவரநூற் பேராசிரியரும் பக்தியுள்ள கிறிஸ்தவருமாகிய ஏசா கிரே 1860-இலேயே அக்கொள்கைக்காக வாதாடினார். கால்டுவெல் ஐயர் சேர்ந்த இங்கிலாந்துத் திருச்சபையிலேயே, எக்ஸிட்டர் அத்தியட்சராயிருந்த பிரெடரிக் டெம்பிள் என்பார், பரிணாமம் சமயத்திற்குப் பகையன்று என்று 1884-இல் ஆக்ஸ்போர்டிற் சொற்பொழிவாற்றினார். அவரையே அச்சபை 1896-இல் காண்டர்பரிப் பிரதம அத்தியட்சராக உயர்த்தியது.

கால்டுவெல் ஐயர் 1891-ஆம் ஆண்டு ஆகஸ்டு 28-ஆம் நாள் கோடைக்கானலில் உயிர்நீத்தார். அவர் உடல் இடையன்குடிக்குக் கொணரப்பட்டு, அவர் கட்டிய ஆலயத்துள்ளேயே அடக்கஞ் செய்யப்பெற்றது.

தமிழ் பயிலும் நாம் நம் மொழியை இறைவன் அருளிய கொடையாகப் போற்றுகின்றோம். அது ஒரே நாளில் வானினின்று இறங்கியதன்று; தெலுங்கோடும் கன்னடத்தோடும் உடன்பிறந்து, எண்ணற்ற தாய்மார் நாவில் வளர்ந்து நம்மை அடைந்தது. அவ்வரலாற்றை அறிந்தமையால் அதன் பெருமை குறைந்ததாக எவரும் கருதுவதில்லை, நன்றியே பெருகுகின்றது. அங்ஙனமாயின், நம் உடலும் உயிர்க்குலமனைத்தும் நெடுவழி நடந்து வந்தன என்றறிவதால் படைத்தவன் பெருமை எவ்வாறு குறையும்? எவ்வழியாக வந்தோம் என்பதைச் சான்று கூறட்டும். யாரால், எதற்காக வந்தோம் என்பதை விசுவாசம் கூறட்டும். ஆதியாகமம் நமக்கு உயிர்நூற் பாடமாக அருளப்பட்டதன்று. உலகம் உடையவன் ஒருவன் உளன் என்று அறிவிக்க அருளப்பட்டது. ஆதலின், மாணவ நண்பர்களே, நூலகத்திற் கற்றதை ஆலய வாயிலில் இறக்கிவைத்து உள்ளே செல்லவேண்டுவதில்லை. மெய்யை அஞ்சுகின்ற விசுவாசம் மெய்யாகிய இறைவனுக்கு ஏற்றதாகாது. ஓலையும் மண்ணும் சொல்லும் ஆராய்ந்த கையாலேயே திருவிருந்தின் அப்பத்தைப் பிட்டளித்த அப்பெரியார் இடையன்குடியில் உறங்குகின்றார். அவர் நடந்த வழி நமக்கும் திறந்தே இருக்கின்றது.