பாடம் 9: அருட்தந்தை ஜோசப்

பிள்ளைகளே, மழை பெய்தால் உங்கள் வீட்டுக்குள் சேறு வருமா? வராது. குழாயைத் திறந்தால் சுடுதண்ணீர் வரும். குளிருக்கு ஹீட்டர் இருக்கு. ஆனால் பரிசுக்குப் பக்கத்திலேயே, இவை எதுவும் இல்லாமல் 250 குடும்பங்கள் வாழ்ந்த காலம் ஒன்று இருந்தது. அவர்களோடு போய்த் தங்கிய ஒருவரின் கதையைக் கேளுங்கோ.

அவர் பெயர் ஜோசப் வ்ரெசின்ஸ்கி. 1917 இல் ஆன்ஜே நகரில் பிறந்தார். அப்பா போலந்து நாட்டவர், அம்மா ஸ்பெயின் நாட்டவர். எங்களைப் போலவே வேறு நாட்டில் இருந்து வந்த குடும்பம். வீட்டில் சரியான கஷ்டம். உதவி கேட்டுப் போகும்போது அம்மா எவ்வளவு வெட்கப்பட்டார் என்பதைச் சின்ன ஜோசப் பார்த்தார். அதை அவர் கடைசி வரை மறக்கவில்லை. 13 வயதில் கேக் செய்யும் கடையில் வேலை பழகினார். 1946 இல் குருவானவர் ஆனார்.

1956 இல் அவரை நுவாசி லே கிரான் என்ற ஊருக்கு அனுப்பினார்கள். வீடு இல்லாதவர்களுக்காக அங்கே ஒரு முகாம் இருந்தது. பீப்பாயைப் பாதியாக வெட்டிக் கவிழ்த்தது போல வளைந்த குடிசைகள். தண்ணீர் எடுக்க வெளியே போக வேணும். எங்கே பார்த்தாலும் சேறு.

முகாமில் சூப்பும் பழைய உடுப்பும் இலவசமாகக் கொடுத்தார்கள். அருட்தந்தை ஜோசப் அதை நிறுத்தினார்! ஏன் தெரியுமா? தினமும் வரிசையில் நின்று கை நீட்டும்போது மனம் நோகும். அது அவருக்குத் தெரியும். அதற்குப் பதிலாக, அந்த மக்களோடு சேர்ந்து நூலகமும் பாலர் பாடசாலையும் தொடங்கினார். 1957 இல் அவர்களோடு ஒரு சங்கம் அமைத்தார். இன்று அதன் பெயர் ஆ-தே-தே கார் மோந்த்.

பிறகு தொண்டர்கள் வந்தார்கள். சம்பளத்தைப் பெரிதாக நினைக்காமல், அந்தக் குடும்பங்களோடு சேர்ந்து வேலை செய்தார்கள். 1958 இல் ஜெனவியேவ் து கோல் வந்தார். அவர் ஜெனரல் து கோலின் அண்ணன் மகள். போர்க்காலத்தில் சிறைமுகாமில் துன்பப்பட்டவர். குடிசைகளைப் பார்த்ததும் அவருக்கு அந்த நாட்கள் நினைவுக்கு வந்தன. நல்ல வீடு கேட்டு எல்லாரும் சேர்ந்து போராடினார்கள். உடனே கிடைக்கவில்லை. பத்து வருடத்துக்கு மேல் எடுத்தது. கடைசியில் குடிசைகள் போய், அதே ஊரில் உண்மையான வீடுகள் எழும்பின.

1987 ஒக்டோபர் 17 அன்று, திரொக்கதெரோவில் ஏழை மக்களுக்காக ஒரு நினைவுக்கல் வைத்தார். அடுத்த ஆண்டு காலமானார். இப்போது அந்த நாள், வறுமையை ஒழிக்கும் நாளாக உலகம் முழுவதும் நினைக்கப்படுகிறது.

வில்லியே லே பெல்லில் இருந்து லாச்சப்பலுக்குச் சாமான் வாங்கப் போவீர்கள்தானே? அங்கே மெத்ரோ 2 எடுத்து, எத்துவாலில் 6க்கு மாறினால் திரொக்கதெரோ. ஈஃபல் கோபுரம் பார்க்கப் போகும்போது, அந்தக் கல்லையும் தேடிப் பாருங்கோ.

பயிற்சி

1. அருட்தந்தை ஜோசப் சூப்புக் கொடுப்பதை ஏன் நிறுத்தினார்? அது சரியா? உங்கள் எண்ணத்தைச் சொல்லுங்கள்.
2. உங்கள் குடும்பம் முதன்முதலில் பிரான்சுக்கு வந்தபோது, தங்க இடம் கொடுத்தது யார்? வீட்டில் கேட்டு ஐந்து வரி எழுதுங்கள்.