சார்லசு செரிங்டன்

சர் சார்லசு சிகாட் செரிங்டன் (நவம்பர் 27, 1857 – மார்ச் 4, 1952) ஆங்கிலேய உடலியங்கியல் அறிஞர் ஆவார். தண்டுவடம் தசைகளை எவ்வாறு இயக்குகிறது என்பதை ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் ஆராய்ந்தவர். நரம்பணுக்களின் பணி குறித்த கண்டுபிடிப்புகளுக்காக 1932 ஆம் ஆண்டின் உடலியங்கியல் அல்லது மருத்துவத்துக்கான நோபல் பரிசை எட்கர் ஏட்ரியனுடன் பகிர்ந்து கொண்டார். தண்டுவடத்தில் அடிபட்டவர்களை மின்தூண்டல் மூலம் நடக்க வைக்கும் இக்கால ஆய்வுகளின் வேர்கள் இவரது ஆய்வுக்கூடத்தில் உள்ளன.

இளமையும் கல்வியும்

இலண்டனில் பிறந்து இப்சுவிச்சு நகரில் வளர்ந்தார். கேம்பிரிட்சுப் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் பாசுட்டரிடம் உடலியங்கியல் பயின்றார். 1881 இல் இலண்டனில் நடந்த பன்னாட்டு மருத்துவ மாநாட்டில், மூளையின் ஒவ்வொரு பகுதிக்கும் தனிப்பணி உண்டா என்பது பற்றி கோல்ட்சு, பெரியர் ஆகிய இருவருக்கும் கடும் விவாதம் எழுந்தது. கோல்ட்சு கொண்டு வந்திருந்த நாயின் மூளையை ஆராயும் பணி கேம்பிரிட்சுக்கு வந்து சேர்ந்தது. அதில் லாங்லியுடன் இணைந்து செரிங்டன் எழுதிய கட்டுரை 1884 இல் வெளியாயிற்று. அவர் நரம்பியலுக்குள் நுழைந்தது இவ்வாறுதான்.

எனினும் உடனே அத்துறையில் நிலைகொள்ளவில்லை. 1885 இல் எசுப்பானியாவுக்கும் மறு ஆண்டு இத்தாலிக்கும் சென்று காலரா நோயை ஆராய்ந்தார். பெர்லினில் விர்ச்சோ, கோக் ஆகியோரிடமும் பயின்றார். 1894 இல், தாம் குதிரையில் உருவாக்கிய தொண்டை அடைப்பான் நச்சுமுறி மருந்தைக் கொண்டு, சாகும் தறுவாயிலிருந்த உறவுக்காரச் சிறுவன் ஒருவனைக் காப்பாற்றினார். பிரித்தானியாவில் அம்மருந்து பயன்பட்ட மிகத் தொடக்க கால நிகழ்வுகளுள் இதுவும் ஒன்று.

தண்டுவட ஆய்வுகள்

1895 இல் லிவர்ப்பூலில் பேராசிரியரானார். அவரது சிறந்த ஆய்வுகள் பல அங்கு நிகழ்ந்தவை.

தசைக்குச் செல்லும் நரம்பு முழுவதும் கட்டளைகளையே சுமக்கிறது என்பது அன்றைய பொதுக் கருத்து. அந்நரம்பிழைகளில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை தசையிலிருந்து தண்டுவடத்துக்குச் செய்தி கொண்டு வருபவை என்று செரிங்டன் காட்டினார். கண்ணை மூடிக்கொண்டாலும் நம் கை எங்கிருக்கிறது என்று நமக்குத் தெரிவது இவற்றால்தான்.

அடுத்தது எதிரெதிர்த் தசைகளின் ஒத்திசைவு. முழங்காலை மடக்கும் தசை சுருங்கும்போது, அதை நீட்டும் தசை தளர வேண்டும். இரண்டும் ஒரே நேரத்தில் இழுத்தால் கால் அசையாது. இத்தளர்ச்சி தானாக நேர்வதன்று, தண்டுவடமே நீட்டும் தசைக்கான நரம்பணுக்களை அடக்குகிறது என்று அவர் நிறுவினார். நரம்பு மண்டலத்தில் தூண்டலைப் போலவே அடக்கலும் ஒரு செயல் என்பது இதன் சாரம். இரணசன்னி நச்சும் எட்டிக்கொட்டையிலுள்ள சிடிரிக்னினும் இந்த அடக்கலைக் குலைப்பதால்தான் உடல் விறைக்கிறது என்பதும் இதன்வழி விளங்கிற்று.

நரம்பணுக்கள் ஒரே வலையாகப் பிணைந்தவையா, தனித்தனியானவையா என்பது அக்காலத்தில் பெரும் வழக்காக இருந்தது. தனித்தனி என்று கூறிய இரமோன் இ காகல் 1894 இல் இலண்டன் வந்தபோது செரிங்டனின் வீட்டில் தங்கினார். மறிவினை நரம்பிழையில் செல்லும் வேகத்தை விட மெதுவாக நிகழ்வதையும், ஒரே திசையில் மட்டும் செல்வதையும் கண்ட செரிங்டன், அணுக்கள் சந்திக்கும் இடத்தில் ஏதோ ஒரு தடை உள்ளது என முடிவு செய்தார். 1897 இல் அவ்விடத்துக்கு கிரேக்கச் சொல்லிலிருந்து சினாப்சு (நரம்பிணைப்பு) என்ற பெயரை வழங்கினார். அந்த இடைவெளியை எலத்திரன் நுண்ணோக்கி காட்டியது 1950களின் நடுவில்தான். அப்போது அவர் உயிரோடு இல்லை.

நடையும் ஒரு கருத்து வேறுபாடும்

மூளையுடன் தொடர்பு துண்டிக்கப்பட்ட தண்டுவடமும் கால்களை மாறி மாறி அசைக்கிறது என்பதை விலங்குகளில் கண்டு, 1910 இல் விரிவான கட்டுரை எழுதினார். தோல், தசை ஆகியவற்றின் உணர்வுச் செய்திகள் ஒன்றையொன்று தூண்டும் மறிவினைத் தொடரே நடை என்பது அவர் கொள்கை. ஆனால் லிவர்ப்பூலில் பணியாற்றிய தாமசு கிரகாம் பிரவுன், உணர்வு நரம்புகளை வெட்டிய பின்னும் நடைத்தாளம் எழுவதை 1911 இல் காட்டினார். அத்தாளம் தண்டுவடத்துக்குள்ளேயே பிறக்கிறது என்பது இதன் பொருள். இக்கண்டுபிடிப்பு பல பத்தாண்டுகள் பெரிதும் கவனிக்கப்படாமல் கிடந்தது. செரிங்டனின் பெரும்புகழும் அதற்கு ஒரு காரணமாக இருந்திருக்கலாம். 1960களில் சுவீடன் ஆய்வாளர்களால் அது மீண்டும் உயிர்பெற்றது. இன்று இரண்டும் வேண்டியவை என்று ஏற்கப்படுகிறது: தாளத்தைத் தண்டுவடம் தருகிறது, உணர்வுச் செய்தி அதைத் தரைக்கேற்பத் திருத்துகிறது.

பிற்காலம்

1906 இல் வெளியான நரம்பு மண்டலத்தின் ஒருங்கிணைக்கும் செயல் பற்றிய அவரது நூல் நரம்பியலின் அடிப்படை நூல்களுள் ஒன்று. 1913 இல் ஆக்சுபோர்டுக்குச் சென்றார். முதல் உலகப்போரின்போது, 57 வயதில், தொழிலாளர் களைப்பை அறிவதற்காக பர்மிங்காமில் வெடிபொருள் தொழிற்சாலையொன்றில் தாமே கூலியாளாக வேலை செய்தார். 1920 முதல் 1925 வரை இலண்டன் அரச கழகத்தின் தலைவராக இருந்தார். கவிதைகளும் எழுதினார். அவரிடம் பயின்றவர்களுள் புளோரி, எக்கில்சு, கிரானிட் ஆகிய மூவர் பின்னாளில் நோபல் பரிசு பெற்றனர். 1936 இல் ஓய்வு பெற்ற அவர், முடக்குவாதத்தால் துன்புற்று, ஈசுட்டுபோர்னில் காலமானார்.

தொடர்ச்சி

நோபல் பரிசில் உடன் பங்குபெற்ற ஏட்ரியன், தனி நரம்பிழையின் மின்குறிப்புகளை 1920களில் பதிவு செய்தவர். தூண்டலும் பதிவும் என்ற இவ்விரு வழிகளும் பின்னர் மறுவாழ்வு மருத்துவத்தில் சந்தித்தன. 2011 இல் அமெரிக்காவின் லூயிவில் ஆய்வாளர்கள், தண்டுவட உறையின் மேல் மின்முனைகள் பதித்து, இடுப்புக்குக் கீழ் செயலிழந்த ஒருவரை நிற்க வைத்தனர். 2018 இல் சுவிட்சர்லாந்தின் லோசானில் காலசைவுக்கு ஏற்ற நேரத்தில் தூண்டி மூவரை நடக்க வைத்தனர். அதே குழு 2023 இல், மூளையின் இயக்கப் பகுதி மேல் உள்ள மின்முனைகள் பதிவு செய்யும் குறிப்புகளைக் கணினி வழியே தண்டுவடத்தின் தூண்டுகருவிக்கு அனுப்பிக் காட்டியது.