26 ஆடுகள், 100 மணி ஜபமாலை: நடந்தே திபெத்தை அளந்த நைன் சிங் யார்?

நாயைக் கூட்டிக்கொண்டு மலையேறும் ரீல்ஸ் உங்கள் ஃபோனிலும் ஓடிக்கொண்டிருக்கும். பனி, பை, முன்னாடி வாலை ஆட்டிக்கொண்டு ஒரு லாப்ரடார். சுமார் 150 வருஷத்துக்கு முன்னாடி, இதே இமயமலையில் ஒருத்தர் இதைவிட நீளமாக நடந்தார். கூட வந்தது நாய் இல்லை, 26 செம்மறி ஆடுகள். லடாக்கின் லே நகரில் கிளம்பி, லாசா வழியாக, அஸ்ஸாமில் இறங்கினார். 1,300 மைலுக்கும் அதிகம். அத்தனையும் எண்ணி எண்ணி வைத்த காலடிகள்.

அவர் பெயர் நைன் சிங் ராவத்.

யார் இவர்?

1830 அக்டோபர் 21-ல், இன்றைய உத்தராகண்டின் ஜோஹார் பள்ளத்தாக்கில், மிலம் என்ற கிராமத்தில் பிறந்தார். பனிப்பாறையின் அடிவாரத்தில் இருக்கிற ஊர். அந்த ஊர்க்காரர்களுக்கு விவசாயத்தைவிட வியாபாரம்தான் பிழைப்பு. கோடையில் கணவாய் திறந்ததும் தானியத்தை ஆடுகள் மேல் ஏற்றி திபெத்துக்குப் போவார்கள், உப்பும் கம்பளியும் ஏற்றித் திரும்புவார்கள். நைன் சிங்கும் சின்ன வயசிலேயே அப்பாவோடு அப்படிப் போனவர்தான். திபெத்திய மொழி அப்படியே ஒட்டிக்கொண்டது.

1855-ல் ஷ்லாகின்ட்வைட் என்ற ஜெர்மானிய சகோதரர்களின் ஆய்வுப் பயணத்தில் சேர்ந்தார். அங்கேதான் அளவைக் கருவிகளோடு முதல் பழக்கம். பிறகு ஊர்ப் பள்ளியில் தலைமை ஆசிரியர். ‘பண்டிட்’ என்ற பட்டப்பெயர் ஒட்டியது இந்த வாத்தியார் வேலையால்தான். அதுவே பின்னால் அவருடைய ரகசியப் பெயராகவும் ஆனது.

சென்னையில் தொடங்கிய வேலை

இந்தியாவை முக்கோணம் முக்கோணமாக அளக்கும் பெரிய சர்வே, 1802 ஏப்ரலில் நம்ம பரங்கிமலை பக்கம் தொடங்கியது. வில்லியம் லாம்டன் அங்கே சுமார் 12 கி.மீ. நீளத்துக்கு ஒரு நேர்கோட்டைச் சங்கிலி வைத்து அளந்தார். அந்தக் கோட்டிலிருந்து கிளம்பிய முக்கோணங்கள் பல பத்தாண்டுகளில் இமயமலை வரை போயின.

அங்கே போய் நின்றுவிட்டது. திபெத்துக்குள் வெள்ளைக்காரர்களுக்கு அனுமதி இல்லை. கருவியோடு மாட்டினால் உயிரே போகலாம். அதனால் சர்வே அதிகாரி மான்ட்கமரி வேறு வழி யோசித்தார். எல்லையில் வாழ்கிற, பார்த்தால் சந்தேகம் வராத உள்ளூர் ஆட்களை அனுப்பலாம் என்பது திட்டம். 1863-ல் நைன் சிங்கும் உறவினர் மணி சிங்கும் டேராடூனுக்கு வந்து சேர்ந்தார்கள்.

காலடியை வைத்து எப்படி அளப்பது?

இதுதான் கதையின் சூப்பர் பகுதி. முதலில் நடக்கக் கற்றுக்கொடுத்தார்கள். ஏற்றம், இறக்கம், சமதளம் எதுவானாலும் காலடியின் நீளம் மாறக் கூடாது. சுமார் 2,000 காலடி ஒரு மைல். எண்ணூர் விரைவுச் சாலையில் ஒரு கிலோமீட்டர் நடந்தால் கிட்டத்தட்ட 1,250 வரும். உங்கள் ஃபோனில் உள்ள ஸ்டெப் கவுன்ட்டர் செய்கிற வேலையை அவர் மண்டைக்குள் செய்தார், அதுவும் மாதக்கணக்கில்.

எண்ணிக்கை தவறாமல் இருக்க ஜபமாலை. பௌத்த மாலையில் 108 மணி இருக்கும். இவருடையதில் 100 தான். நூறு காலடிக்கு ஒரு மணி. ஒரு சுற்று முடிந்தால் 10,000 காலடி, அதாவது 5 மைல். வழியில் யாராவது பேச வந்தால்? மந்திரம் சொல்வதுபோல் முணுமுணுத்தால் போதும், பக்தர் என்று விலகிப் போய்விடுவார்கள். கையில் சுழற்றும் பிரார்த்தனைச் சக்கரத்துக்குள் மந்திரச் சுருளுக்குப் பதில் குறிப்புக் காகிதம். ஊன்றுகோலுக்குள் தெர்மாமீட்டர். பெட்டியின் போலி அடித்தட்டில் செக்ஸ்டன்ட். சோழிக்குள் பாதரசம். அதைக் கிண்ணத்தில் ஊற்றி, அசையாத அந்தப் பரப்பில் நட்சத்திரத்தின் பிம்பத்தைப் பார்த்து அட்சரேகை கணக்கிடுவார்.

தெர்மாமீட்டர் காய்ச்சலுக்கு இல்லை, உயரத்துக்கு. மேலே போகப் போகக் காற்றழுத்தம் குறையும், தண்ணீர் சீக்கிரமே கொதித்துவிடும். சுமார் 300 மீட்டர் ஏறினால் கொதிநிலை 1 டிகிரி செல்சியஸ் இறங்கும். லாசாவில் தண்ணீர் 88 டிகிரி பக்கத்திலேயே கொதிக்கும். டீ போடுகிற மாதிரி அடுப்பு மூட்டி, யாருக்கும் தெரியாமல் ஊரின் உயரத்தை எடுத்துவிடலாம்.

உயரம் தெரிந்து என்ன ஆகப் போகுது என்று கேட்பவர்கள் சடையங்குப்பத்தில் கேட்டுப் பார்க்கலாம். பூண்டி ஏரியைத் திறந்து கொசஸ்தலை ஆற்றில் தண்ணீர் வரும் நாளில், கடல் மட்டத்துக்கு எத்தனை அடி மேலே வீடு இருக்கு என்பதுதான் அங்கே முதல் கேள்வி.

முதல் பயணம்

மணி சிங் பாதியிலேயே திரும்பிவிட, நைன் சிங் நேபாளம் வழியாக உள்ளே நுழைந்து 1866 ஜனவரியில் லாசாவை அடைந்தார். காசு தீர்ந்துபோனதும் நேபாள வியாபாரிகளுக்குக் கணக்கு சொல்லிக்கொடுத்துப் பிழைத்தார். அனுமதியில்லாமல் வந்த ஒருவருக்குப் பொது இடத்தில் மரண தண்டனை நிறைவேற்றியதைப் பார்த்ததும், தன் அறையைவிட்டு வெளியே வருவதையே குறைத்துக்கொண்டார். ஊர் திரும்பும்போது சுமார் 25 லட்சம் காலடிகள். லாசா எங்கே, எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பது அளவீட்டுக் கணக்கோடு உலகத்துக்குத் தெரிந்தது. ஆனால் லண்டனில் அந்த அறிக்கை வெளியானபோது அவர் பெயர் அதில் இல்லை.

ஆடுகளோடு கடைசி நடை

1874 ஜூலையில் லேயிலிருந்து லாமா வேஷத்தில் கிளம்பினார். ஏன் ஆடு? குதிரைக்கும் கோவேறு கழுதைக்கும் தீவனம் வேண்டும். சாங்தாங் பீடபூமியில் அதற்கு எங்கே போவது? ஆடு வழியில் கிடைத்ததை மேய்ந்துகொள்ளும். இரண்டு பக்கமும் சின்னப் பை கட்டினால் ஒவ்வொன்றும் 10 கிலோ அளவு தூக்கும். உணவு தீர்ந்தால்... ஆமாம், அதற்கும்தான். 26-ல் நான்கைந்துதான் ஆயிரம் மைலைத் தாண்டின. செல்லப்பிராணிப் பயணம் என்று நினைத்துவிடாதீர்கள்.

லாசாவில் நிற்க முடிந்தது இரண்டே நாள். லேயிலிருந்தே அவரைத் தெரிந்த ஒரு வியாபாரி கண்ணில் பட்டுவிட்டார். அதுவரை எடுத்த குறிப்புகளை இரண்டு ஆட்களிடம் கொடுத்து லேவுக்குத் திருப்பி அனுப்பினார். தான் மாட்டினாலும் கணக்கு தப்பிக்கணும் இல்லையா. வடக்கே போவதுபோல் கிளம்பி, பிறகு தென்கிழக்கே திரும்பினார். டிசம்பர் கடைசியில் தவாங்கை அடைந்தால் அங்கே தடுத்து வைத்துவிட்டார்கள், பிப்ரவரி வரை. 1875 மார்ச் 1-ல் அஸ்ஸாமின் உதல்குரி. வழியில் உயரம் பார்க்க மட்டும் கிட்டத்தட்ட 500 முறை அளவெடுத்திருந்தார்.

அதே 1875-ல் ஐரோப்பாவில் இன்னொரு நடை. கூலிட்ஜ் என்ற மலையேறியின் நாய் ட்ஷிங்கல், மோன் பிளாங்க் உச்சியை அடைந்தது. ஆல்ப்ஸில் 66 பெரிய ஏற்றங்கள் அதன் கணக்கில் இருக்கின்றன. அங்கே மலையேற்றம் பொழுதுபோக்கு, இங்கே பிடிபட்டால் தலை போகும் வேலை.

ஹீரோவா, உளவாளியா?

இரண்டும்தான் என்பது என் கணிப்பு. தன்னை நம்பிக் கதவு திறந்த நாட்டை, தன் நாட்டை ஆண்டவர்களுக்காக அவர் அளந்தார். இந்த மாதிரி வேலைக்கான விலையைப் பல நேரம் விருந்து கொடுத்தவர்களே கட்டினார்கள். பின்னால் இதேபோல் திபெத் போன வங்காளி சரத் சந்திர தாஸுக்கு உதவிய ஒரு பெரிய லாமாவை ஆற்றில் மூழ்கடித்துக் கொன்றது லாசா அரசு. 1904-ல் யங்ஹஸ்பண்டின் பிரிட்டிஷ் படை லாசாவுக்குள் புகுந்தது. பண்டிட்கள் நடந்து சேர்த்த விவரங்கள் அதற்குள் வரைபடங்களாக மாறியிருந்தன.

இன்னொரு பக்கம், பனியிலும் பயத்திலும் எடுத்த அந்த அளவுகளுக்கு ஈடாக அந்தக் காலத்தில் வேறு எதுவும் இல்லை. 1877-ல் லண்டன் ராயல் ஜியாக்ரஃபிகல் சொசைட்டி அவருக்குத் தங்கப் பதக்கம் கொடுத்தது. இந்த முறை பெயர் போட்டுத்தான். அரசு கொஞ்சம் நிலமும் தந்தது.

1875-க்குப் பிறகு பெரிய பயணம் எதுவும் இல்லை. கண் பார்வையும் உடம்பும் ஒத்துழைக்கவில்லை. பழையபடி வாத்தியாராகி, அடுத்து போகப்போகிறவர்களுக்குக் காலடி எண்ணக் கற்றுக்கொடுத்தார். அந்த நூற்றாண்டு முடியும் முன்பே காலமானார். 2004-ல் இந்திய அஞ்சல் துறை அவர் முகத்தைத் தபால்தலையாக்கியது. 2017 அக்டோபர் 21-ல் கூகுள் டூடுலில், கையில் ஜபமாலையோடு நின்றார்.