உலகக்கோப்பையே வேண்டாம் என ஒதுங்கிய ஆப்பிரிக்கா... 1966-ல் நடந்தது என்ன? யார் இந்த குவாமே நிக்ரூமா?

48 அணிகளோடு நடக்கும் 2026 கால்பந்து உலகக்கோப்பையில் ஆப்பிரிக்காவுக்கு மட்டும் நேரடியாக 9 இடங்கள். அதில் ஒன்றைப் பிடித்திருக்கிறது மேற்கு ஆப்பிரிக்க நாடான கானா. ஆனால் 1966-ல் இங்கிலாந்தில் நடந்த உலகக்கோப்பையில் எத்தனை ஆப்பிரிக்க அணிகள் ஆடின தெரியுமா? ஒன்றுகூட இல்லை. தகுதிச்சுற்றில் தோற்று வெளியேறவில்லை. ஆடவே மாட்டோம்னு சொல்லி மொத்தமாக விலகிவிட்டார்கள்!

அந்தப் புறக்கணிப்பில் முன்னால் நின்ற நாடு கானா. அப்போது அதன் அதிபர், குவாமே நிக்ரூமா.

மீன் விற்ற மாணவர்

பிரிட்டிஷ்காரர்கள் கோல்ட் கோஸ்ட் என்று அழைத்த காலனியில், நிக்ரோஃபுல் என்ற சின்ன கிராமத்தில் 1909-ல் பிறந்தவர் நிக்ரூமா. அப்பா பொற்கொல்லர். அம்மா சில்லறை வியாபாரம் பார்த்தவர். பள்ளி ஆசிரியராக வேலை பார்த்துவிட்டு, 1935-ல் மேற்படிப்புக்காக அமெரிக்கா போனார். கையில் காசு கிடையாது. ஹார்லெமில் மீன் விற்றார், கப்பலில் எடுபிடி வேலை செய்தார். தங்க இடமில்லாத இரவுகளில் சுரங்க ரயிலிலேயே படுத்துத் தூங்கியதும் உண்டு.

அந்த நாட்களில் அவர் மனதில் ஆழமாகப் பதிந்தவர் ஜமைக்காவின் மார்கஸ் கார்வி. கறுப்பின மக்களுக்காக கார்வி தொடங்கிய கப்பல் கம்பெனியின் பெயர் பிளாக் ஸ்டார் லைன். இந்தப் பெயரை ஞாபகத்தில் வச்சுக்கோங்க.

1947-ல் ஊர் திரும்பிய நிக்ரூமா, 1949-ல் தனிக்கட்சி தொடங்கினார். அடுத்த ஆண்டே காந்தியின் வழியில் வேலைநிறுத்தம், புறக்கணிப்பு என்று இறங்க, பிரிட்டிஷ் அரசு சிறையில் தள்ளியது. 1951 தேர்தலில் உள்ளே இருந்தபடியே ஜெயித்தார். வேறு வழியில்லாமல் ஆளுநர் அவரை விடுவித்து ஆட்சியமைக்க அழைத்தார். 1957 மார்ச் 6-ல் கோல்ட் கோஸ்ட், கானா என்ற சுதந்திர நாடானது. கொடியின் நடுவில் ஒரு கறுப்பு நட்சத்திரம். தேசிய கால்பந்து அணிக்குப் பெயர் பிளாக் ஸ்டார்ஸ்!

கால்பந்து மேல் ஏன் இவ்வளவு அக்கறை?

புது நாடு. அசாந்தி, ஈவே, கா என்று பல இனங்கள், பல மொழிகள். இவர்கள் எல்லாரும் ஒரே பக்கம் நின்று கத்துவதற்கு ஒரு காரணம் தேவைப்பட்டது. 90 நிமிடத்தில் அதைச் செய்து காட்டியது கால்பந்து. விளையாட்டுத் துறையை ஒஹெனே ஜான் என்பவரிடம் ஒப்படைத்தார் நிக்ரூமா. 1962-ல் ஐரோப்பாவை ஆட்டிப்படைத்த ரியல் மாட்ரிட் அணியே அக்ராவுக்கு வந்தது. பிளாக் ஸ்டார்ஸுடன் ஆட்டம் 3-3 என சமனில் முடிந்தது. 1963-ல் சொந்த மண்ணில் சூடானை 3-0 என வீழ்த்தி ஆப்பிரிக்கக் கோப்பை. 1965-ல் துனிசியா போய், அவர்கள் ஊரிலேயே அவர்களை 3-2 என வென்று மறுபடியும் கோப்பை.

எல்லாரும் கைதட்டினார்கள்னு சொல்ல முடியாது. ரியல் ரிபப்ளிகன்ஸ் என்று அரசே ஒரு கிளப் தொடங்கி, மற்ற கிளப்களின் நல்ல வீரர்களை இழுத்துக்கொண்டது. குமாசி நகரின் அசாந்தே கொடோகோ போன்ற கிளப்கள் கொதித்துப்போயின. ஒற்றுமைக்காகத் தொடங்கிய வேலையில் அதிகாரமும் சேர்ந்தே வந்தது.

அந்த ஒற்றை இடம்

1964-ல் ஃபிஃபா ஒரு கணக்குப் போட்டது. 16 அணிகள். ஐரோப்பாவுக்கு 10. தென் அமெரிக்காவுக்கு 4. வட, மத்திய அமெரிக்காவுக்கு 1. மிச்சமிருந்த ஒரே ஓர் இடத்துக்கு ஆப்பிரிக்கா, ஆசியா, ஓசியானியா மூன்றும் அடித்துக்கொள்ள வேண்டும். ஆப்பிரிக்காவிலேயே முதலிடம் பிடித்தாலும் உலகக்கோப்பை உறுதியில்லை; அதன்பிறகு ஆசியா பக்கம் ஜெயித்து வரும் அணியையும் வெல்லணும். போதாக்குறைக்கு, நிறவெறி ஆட்சி நடந்த தென்னாப்பிரிக்காவின் மீதான தடையை 1963-ல் ஃபிஃபா நீக்கியிருந்தது.

ஒஹெனே ஜான் கடுமையான தந்தி அனுப்பினார். எத்தியோப்பியாவின் யிட்னேகாச்சு டெசெமாவும் கைகோத்தார். நிக்ரூமாவின் ஆதரவு முழுமையாக இருந்தது. 15 ஆப்பிரிக்க அணிகளும் விலகின. இழப்பு சாதாரணமில்லை. பிளாக் ஸ்டார்ஸ் அப்போது உச்சத்தில் இருந்தது. அந்தத் தலைமுறை வீரர்களுக்கு உலகக்கோப்பை கடைசிவரை கிடைக்கவேயில்லை.

காலியான இடத்தில் புகுந்த வடகொரியா, இத்தாலியையே வீட்டுக்கு அனுப்பியது. தொடரில் அதிக கோல் அடித்தவர் போர்ச்சுகலின் யூசேபியோ, 9 கோல். அவர் பிறந்தது எங்கே? அப்போது போர்ச்சுகல் காலனியாக இருந்த மொசாம்பிக்கில்!

வீழ்ச்சி

அந்த உலகக்கோப்பை தொடங்கும்போது நிக்ரூமா பதவியில் இல்லை. விசாரணையில்லாமல் சிறையில் அடைக்க 1958-லேயே சட்டம் கொண்டுவந்தவர் அவர். 1964-ல் தன் கட்சியைத் தவிர வேறு கட்சியே கூடாதென்றார். ஒருகாலத்தில் அவரோடு சேர்ந்து போராடிய டான்குவா, 1965-ல் சிறையிலேயே இறந்தார். கோகோ விலை சரிந்து பொருளாதாரமும் ஆட்டம் கண்டது. 1966 பிப்ரவரி 24-ல், நிக்ரூமா சீனாவில் இருந்தபோது ராணுவமும் போலீஸும் ஆட்சியைப் பிடித்தன. அக்ராவில் இருந்த அவரது சிலையை உடைத்தார்கள். ரியல் ரிபப்ளிகன்ஸும் கலைக்கப்பட்டது.

கினியா நாட்டில் தஞ்சம் புகுந்த அவர், 1972 ஏப்ரல் 27-ல் ருமேனியாவின் புகாரெஸ்ட் நகரில் புற்றுநோயால் இறந்தார். சொந்த மண்ணுக்கு உயிரோடு திரும்பவேயில்லை. தலை உடைந்த அந்தச் சிலை இன்றும் அக்ராவில் அவரது நினைவிடத்தில் இருக்கிறது.

புறக்கணிப்பு வீண்போகவில்லை. 1970 உலகக்கோப்பையில் ஆப்பிரிக்காவுக்கென்று தனி இடம் கிடைத்து, மொராக்கோ ஆடியது. கானாவுக்கு அந்த வாய்ப்பு வர 2006 வரை ஆனது.