மூட்டை சுமந்த டென்சிங்



எவரெஸ்ட்டில் முதலில் ஏறியது யார் என்று கேட்டால் அஞ்சாம் வகுப்புப் பிள்ளைகூட டென்சிங், ஹிலாரி என்று சொல்லிவிடும். ஆனால் அவங்க படுத்த கூடாரத்தையும் அடுப்பையும் அவ்வளவு உயரத்துக்கு யார் தூக்கிட்டுப் போனாங்க? இந்தக் கேள்வியைக் கேட்டது எங்க மாமா. அவர் குதிரையில் மூட்டை ஏற்றி டாப் ஸ்டேஷன் போகிறவர். எனக்குப் பதில் தெரியவில்லை. அதனால் டென்சிங்கின் வாழ்க்கையைத் தேடிப் படித்தேன்.

டென்சிங் நார்கே 1914இல் பிறந்தார். பிறந்த தேதியை யாரும் எழுதி வைக்கவில்லை. வீட்டில் 13 பிள்ளைகள், இவர் 11ஆவது. நேபாளத்தில் தாமே என்ற ஷெர்பா கிராமத்தில் யாக் மாடு மேய்த்து வளர்ந்தார். முதலில் வைத்த பெயர் நம்க்யால் வாங்டி. ஒரு புத்த குரு அதை டென்சிங் நார்கே என்று மாற்றினார். பள்ளிக்கூடம் போகவில்லை. ஆனால் பல மொழிகள் பேசுவார்.

மலை ஏற வரும் வெள்ளைக்காரர்கள் டார்ஜிலிங்கில்தான் ஆள் எடுப்பார்கள். அதனால் 1932இல் அங்கே போனார். 1933இல் அவரை எடுக்கவில்லை. 1935இல் ஷிப்டன் என்பவரின் குழுவில் சுமை தூக்க இடம் கிடைத்தது. 1936, 1938இலும் எவரெஸ்ட்டுக்கு மூட்டை சுமந்தார். நம்ம ஊரில் சும்மாடு வைத்துத் தலையில் தூக்குவோம் இல்லையா? அங்கே முதுகில் சுமையை வைத்து, அதைத் தாங்கும் பட்டையை நெற்றியில் மாட்டிக்கொள்வார்கள். 1938இல் மிக உயரமான முகாம்வரை சுமந்ததற்காக அவருக்குப் ‘புலி’ பதக்கம் கிடைத்தது.

1947இல் சர்தார் ஆனார். சர்தார் என்றால் நம்ம எஸ்டேட் கங்காணி மாதிரி. ஆள் சேர்க்கணும், மூட்டை பிரிக்கணும், யார் எந்த முகாம்வரை போகணும்னு பார்க்கணும், சண்டை வந்தால் தீர்க்கணும். டென்சிங் அத்தனையும் செய்துவிட்டுத் தானும் சுமந்தார்.

1952இல் சுவிட்சர்லாந்துக்காரர்களோடு போனார். சவுத் கால் என்ற கணவாய்க்குப் போகும் வழியில் சிலர் சோர்ந்து திரும்பிவிட்டார்கள். டென்சிங்கே மறுபடி கீழே இறங்கி அந்த மூட்டைகளை எடுத்துவந்தார். பிறகு அவரும் லாம்பெர்ட் என்பவரும் சுமார் 8,400 மீட்டரில் ஒரு ராத்திரி தங்கினார்கள். கூடாரம் இருந்தது, அடுப்பு இல்லை. படுக்கும் பையும் இல்லை. ஒரு மெழுகுவர்த்தியில் பனிக்கட்டியை உருக்கித் தொண்டையை நனைத்துக்கொண்டார்கள். தூங்கினால் விறைத்துவிடும் என்று ஒருவரை ஒருவர் தட்டிக்கொண்டே இருந்தார்கள். மறுநாள் சிகரத்துக்கு இன்னும் 250 மீட்டர் அளவு இருக்கும்போது முடியாமல் திரும்பினார்கள்.

இந்த இடத்தைப் படித்தபோது எனக்கு எங்க மலை ஞாபகம் வந்தது. இங்கே பனி இல்லை, தீ இருக்கிறது. 2018 மார்ச் 11 அன்று மலை ஏற வந்தவர்கள் காட்டுத்தீயில் மாட்டி இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்துபோனார்கள். எங்க ஊர் ஆட்கள் இருட்டில் ஏறி, போர்வையில் தூக்கி வந்தார்கள். அப்போ நான் சின்னப் பிள்ளை. அதுக்கப்புறம் யார் மேலே போனாலும் தண்ணி எவ்வளவு இருக்கு, ராத்திரி எங்கே தங்குறீங்க என்று மாமா கேட்காமல் விடமாட்டார்.

சரி, 1953க்கு வருவோம். ஜான் ஹண்ட் தலைமையில் பிரிட்டிஷ் குழு வந்தது. டென்சிங் சர்தாராகவும் இருந்தார், ஏறுபவர்களில் ஒருவராகவும் இருந்தார். சாமான்கள் கப்பலில் பம்பாய் வந்து, ரயிலில் நேபாள எல்லைக்குப் போய், அப்புறம் ரோப்வேயில் காத்மாண்டு போயின. நம்ம டாப் ஸ்டேஷன் ரோப்வேயில் தேயிலைப் பெட்டி கொட்டகுடிக்கு இறங்கி, வண்டியில் போடிக்குப் போனது என்று தாத்தாக்கள் சொல்வார்களே, அதே மாதிரிதான்! காத்மாண்டுக்கு அப்பால் ரோடு இல்லை. 362 பேர் சுமந்துகொண்டு இரண்டு வாரத்துக்கு மேல் நடந்தார்கள். பெண்களும் சுமந்தார்கள்.

காத்மாண்டுவிலேயே ஒரு பிரச்சினை. பிரிட்டிஷ்காரர்களுக்குத் தூதரகத்தில் அறை. ஷெர்பாக்களுக்குக் கார் ஷெட், கக்கூஸ்கூட இல்லை. ஷெர்பாக்களுக்குக் கோபம் வந்ததில் தப்பே இல்லை. நடுவில் மாட்டிக்கொண்டவர் டென்சிங். அவரும் அவர்களோடு அங்கேயே தங்கினார், அவர்களைச் சமாதானப்படுத்தி வேலையையும் நடத்தினார்.

மலையில் ஒன்பது முகாம்கள். ஒரு மூட்டையை மேலே கொண்டுபோகிறவருக்கும் சாப்பாடு வேண்டும், அந்தச் சாப்பாட்டை இன்னொருவர் சுமக்க வேண்டும். அதனால் கீழே நிறைய ஆள், மேலே போகப்போகக் கொஞ்ச ஆள். பனிப் பிளவுகளில் ஏணியும் மரக்கட்டையும் போட்டுக் கடந்தார்கள். மே 21 வாக்கில் சுமை ஏற்றுவது தடுமாறியது. உடனே டென்சிங்கையும் ஹிலாரியையும் ஹண்ட் மேலே அனுப்பினார். அவர்கள் போய் ஷெர்பாக்களுக்கு தைரியம் சொல்ல, சவுத் காலுக்குச் சுமை போய்ச் சேர்ந்தது.

மே 26இல் வேறு இரண்டு பேர் முயன்று திரும்பினார்கள். அதே நாள் ஹண்டும் டா நம்க்யால் என்ற ஷெர்பாவும் கடைசி முகாமுக்கான சாமான்களைப் பாதி வழியில் வைத்துவிட்டு வந்தார்கள். மே 28இல் லோ, கிரிகரி, ஆங் நிமா மூவரும் டென்சிங், ஹிலாரியோடு ஏறினார்கள். வழியில் அந்தச் சாமான்களையும் எடுத்துக்கொண்டார்கள். ஆளுக்கு 20 கிலோவுக்கு மேல் சுமை. சுமார் 8,500 மீட்டரில் இறக்கி வைத்துவிட்டு மூவரும் இறங்கிவிட்டார்கள்.

இந்தத் தடவை அடுப்பு இருந்தது. படுக்கும் பை இருந்தது. பனியை உருக்கி நிறையக் குடித்தார்கள். காலையில் ஹிலாரியின் பூட்ஸ் கல்லு மாதிரி உறைந்துபோயிருந்தது. அதையும் அந்த அடுப்பில் காட்டித்தான் இளக்கினார்கள். டென்சிங் பூட்ஸைக் கழற்றாமலே படுத்திருந்தார். அனுபவம்!

காலை 6.30க்குக் கிளம்பி, 1953 மே 29 பகல் 11.30க்கு உச்சியில் நின்றார்கள். டென்சிங் கழுத்தில் லாம்பெர்ட் கொடுத்த சிவப்புத் துண்டு. மகள் கொடுத்து அனுப்பிய பென்சிலை அங்கே பனியில் புதைத்தார். 15 நிமிஷம்தான் இருந்தார்கள்.

ஹண்டுக்கும் ஹிலாரிக்கும் ‘சர்’ பட்டம் கிடைத்தது, டென்சிங்குக்கு ஜார்ஜ் மெடல் கொடுத்தார்கள். எனக்கு இது சரியாகப் படவில்லை. நம் அரசு 1959இல் பத்மபூஷண் கொடுத்தது. 1954இல் டார்ஜிலிங்கில் மலையேற்றப் பள்ளி தொடங்கியபோது அவர்தான் களப்பயிற்சி இயக்குநர். எழுதப் படிக்கத் தெரியாதவர் பல வருஷம் அங்கே ஆசிரியராக இருந்தார். 1986 மே 9 அன்று டார்ஜிலிங்கில் காலமானார்.

மாமாவிடம் எல்லாவற்றையும் படித்துக் காட்டினேன். ஆங் நிமா, டா நம்க்யால் என்ற பெயர்களை மட்டும் இரண்டு தடவை சொல்லச் சொன்னார்.

– 9ஆம் வகுப்பு மாணவி, குரங்கணி