மழையில் வாங்கிய கோப்பை: யார் இந்த பாப்வா செவ்கோலம்?

1963-ம் ஆண்டு. தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரம். நேட்டால் ஓபன் கோல்ஃப் போட்டி முடிந்து பரிசளிப்பு நேரம். வெளியே மழை. தோற்ற வெள்ளை வீரர்கள் டர்பன் கன்ட்ரி கிளப்பின் கிளப்ஹவுஸுக்குள் போகலாம். ஜெயித்தவர் போக முடியாது. மழையில் நின்றபடியே கோப்பையை வாங்கிக்கொண்டார். காரணம் ஒன்றுதான். அவர் இந்திய வம்சாவளி. அந்தக் கட்டடம் வெள்ளையர்களுக்கு மட்டும்.

அவர் பெயர் செவ்சங்கர் செவ்கோலம். எல்லாருக்கும் 'பாப்வா'. அந்த மழைப் படம் உலகம் முழுக்கப் பரவியது. ஆனால், படம் எடுத்த பிறகு அவருக்கு என்ன ஆச்சு? பலருக்கும் தெரியாத பகுதி அதுதான்.

எங்கிருந்து வந்தார்?

1860-ல் மெட்ராஸிலிருந்து கிளம்பிய ட்ரூரோ என்ற கப்பல்தான், தென்னாப்பிரிக்காவின் நேட்டால் பகுதிக்கு முதல் இந்திய ஒப்பந்தக் கூலிகளைக் கொண்டுபோய் இறக்கியது. கரும்புத் தோட்ட வேலை. 1911 வரை தமிழ், தெலுங்கு, போஜ்புரி பேசும் மக்கள் என சுமார் ஒன்றரை லட்சம் பேர் அங்கே போனார்கள். டர்பனில் வேரூன்றிய அந்த இந்தியச் சமூகத்தில், ஒரு ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர் பாப்வா.

பள்ளிப்படிப்பு இல்லை. எழுதப் படிக்கத் தெரியாது. சின்ன வயதிலேயே கேடி வேலைக்குப் போனார். அதாவது, வெள்ளையர்கள் ஆடும்போது அவர்களின் கோல்ஃப் பையைத் தூக்கிக்கொண்டு கூடவே நடக்கிற வேலை. மைதானம் தெரியும், காற்று தெரியும், பந்து எங்கே விழும் என்றும் தெரியும். ஆடத்தான் உரிமை இல்லை.

யாரும் சொல்லித்தராததால் அவர் பாணியே தனி. வலதுகை ஆட்டக்காரர்கள் வழக்கமாக இடது கையை மேலேயும் வலது கையைக் கீழேயும் வைத்து கிளப்பைப் பிடிப்பார்கள். பாப்வா நேர் எதிர். வலது கை மேலே, இடது கை கீழே. எந்தப் பயிற்சியாளரும் முதல் நாளே திருத்தியிருக்கக்கூடிய 'தப்பு' அது. இன்றைக்குப் பந்தைக் குழிக்குள் தட்டும் கடைசி ஷாட்டுக்கு ஜோர்டன் ஸ்பீத் போன்ற முன்னணி வீரர்களே இப்படிப் பிடிக்கிறார்கள். பாப்வா எல்லா ஷாட்டுமே அப்படித்தான் அடித்தார்.

ஐரோப்பா எப்படிச் சாத்தியமானது?

கிரஹாம் வுல்ஃப் என்ற டர்பன் தொழிலதிபர் கண்ணில் பட்டார் பாப்வா. இன்று நாம் 'ஓலே' என்று அறிந்திருக்கும் சருமப் பராமரிப்பு பிராண்டை உருவாக்கியவர் இந்த வுல்ஃப்தான். 1959-ல் அவரது உதவியோடு பாப்வா ஐரோப்பா போனார்.

அதே ஆண்டு டச்சு ஓபனை வென்றார். 1960-ல் மறுபடியும் வென்றார். 1964-ல் மூன்றாவது முறை. ஐரோப்பாவின் நிபுணர்கள் ஆடும் ஒரு தேசியப் போட்டியில், பள்ளிக்கூடமே போகாத ஒரு கேடி மூன்று தடவை சாம்பியன். ஆனால், சொந்த நாட்டுக்குத் திரும்பினால் கதையே வேறு.

ஒரு சீசன் எப்படி ஓடும்?

இதைப் புரிந்துகொள்ள, தொழில்முறை கோல்ஃபில் பணம் எப்படி வருகிறது என்று பார்க்க வேண்டும். மாதச் சம்பளம் கிடையாது. அணியும் கிடையாது. ஊர் ஊராகப் போய் ஆட வேண்டும். பயணம், தங்குமிடம், கேடிக்கான கூலி எல்லாம் கைக்காசு. நான்கு சுற்றுப் போட்டியில், வழக்கமாக முதல் இரண்டு சுற்றுகள் முடிந்ததும் 'கட்'. பின்தங்கியவர்கள் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். மிஞ்சியவர்களுக்குத்தான் பரிசுப் பணம். ஒரு வாரம் சொதப்பினால் அடுத்த வாரம் பிடித்துவிடலாம் என்ற நம்பிக்கையில்தான் ஒவ்வொருவரும் சீசனை ஓட்டுவார்கள்.

தென்னாப்பிரிக்காவில் இந்த சீசன், நமக்குக் குளிர்காலமாக இருக்கும் மாதங்களில் வரும். அங்கே அப்போது கோடை. நேட்டால் ஓபன், டிரான்ஸ்வால் ஓபன், வெஸ்டர்ன் ப்ராவின்ஸ் ஓபன், தென்னாப்பிரிக்க ஓபன் என்று மாகாணம் மாகாணமாக நகரும். வெள்ளை வீரர்களுக்கு இதில் ஒரே கவலை, ஸ்கோர். பாப்வாவுக்கு ஸ்கோருக்கு முன்னால் இன்னொன்று இருந்தது: ஆடுவதற்கு அனுமதி. அது கிடைத்தாலும் கிளப்ஹவுஸ் கிடையாது. சாப்பாடு, உடை மாற்றுவது, ஓய்வு எல்லாம் வெளியே.

1948-ல் ஆட்சிக்கு வந்த நேஷனல் கட்சி அப்படியொரு சட்ட வலையைப் பின்னியிருந்தது. 1950-ல் வந்த ஒரு சட்டம் ஒவ்வொரு குடிமகனையும் இனவாரியாகப் பதிவு செய்தது. அதே ஆண்டு வந்த இன்னொரு சட்டம் யார் எந்தப் பகுதியில் வாழலாம் என்று பிரித்தது. 1953-ல் பொது வசதிகளையும் இனவாரியாகப் பிரித்தார்கள்.

இத்தனைக்கும் நடுவில்தான் 1963-ல் அவர் நேட்டால் ஓபனை வென்றார். தென்னாப்பிரிக்காவில் ஒரு மாகாண ஓபனை வென்ற, வெள்ளையர் அல்லாத முதல் வீரர்.

பிறகு என்ன ஆச்சு?

மழைப் படம் தென்னாப்பிரிக்க அரசுக்குப் பெரிய தலைவலியானது. விளையாட்டில் அந்த நாட்டைப் புறக்கணிக்க வேண்டும் என்று போராடியவர்களுக்கு நீண்ட விளக்கம் தேவைப்படவில்லை. படத்தைக் காட்டினாலே போதும்.

1965-ல் அதைவிடப் பெரிய அதிர்ச்சி. நேட்டால் ஓபனை பாப்வா மறுபடியும் வென்றார். இந்த முறை தோற்றவர்களில் ஒருவர் கேரி பிளேயர். அதே 1965-ல் யுஎஸ் ஓபனையும் வென்று, கோல்ஃபின் நான்கு மேஜர் பட்டங்களையும் வாழ்நாளில் கைப்பற்றிய மிகச் சிலரில் ஒருவரானவர் அவர். தென்னாப்பிரிக்காவின் பெருமை என்று உலகம் கொண்டாடியவரை, ஒரு முன்னாள் கேடி வீழ்த்திவிட்டார்.

அத்தோடு முடிந்தது. கலப்புப் போட்டிகளுக்கான விதிகள் இறுகின. 1966-ல் உள்நாட்டுப் போட்டிகளில் பாப்வா ஆடத் தடை. பாஸ்போர்ட்டும் போனது. அதனால் ஐரோப்பாவுக்கும் போக முடியாது. அவர் வாங்கிய கோப்பைகளை யாரும் பிடுங்கவில்லை. அடுத்த போட்டியைப் பிடுங்கினார்கள். ஒவ்வொரு வாரமும் ஆடினால்தான் வருமானம் என்ற தொழிலில், அதற்கு மேல் எதையும் பிடுங்கத் தேவையில்லை.

1971-ல் கேரி பிளேயரின் அழைப்பில் அமெரிக்கக் கருப்பின வீரர் லீ எல்டர் தென்னாப்பிரிக்கா வந்து ஆடினார். கதவு லேசாகத் திறந்தது. ஆனால், பாப்வாவின் நல்ல ஆண்டுகள் அதற்குள் போய்விட்டன. 1978-ல் மாரடைப்பில் இறந்தார். 50 வயதுகூட ஆகவில்லை. கையில் பெரிதாகப் பணமும் இல்லை.

இந்தியாவுக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

நிறவெறியை எதிர்த்து தென்னாப்பிரிக்காவோடு 1946-லேயே வர்த்தகத்தை நிறுத்திய நாடு இந்தியா. 1974-ல் டேவிஸ் கோப்பை டென்னிஸ் இறுதிப் போட்டிக்கு இந்தியா முன்னேறியது. எதிரணி தென்னாப்பிரிக்கா. இந்தியா ஆட மறுத்தது, கோப்பை அவர்களுக்குப் போனது. சென்னையைச் சேர்ந்த விஜய் அமிர்தராஜும் ஆனந்த் அமிர்தராஜும் அந்த அணியில் இருந்தவர்கள். அந்தத் தலைமுறை வீரர்கள் கொடுத்த விலை அது. அப்போது பாப்வா உயிரோடுதான் இருந்தார்.

நிறவெறி ஆட்சி முடிந்த பிறகு, தென்னாப்பிரிக்காவின் உயரிய விருதுகளில் ஒன்றான இக்காமங்கா விருது, மறைந்த பாப்வாவுக்கு வழங்கப்பட்டது. டர்பனில் உம்கேனி ஆற்றங்கரையில் ஒரு பொது கோல்ஃப் மைதானம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. இன்று யார் வேண்டுமானாலும் உள்ளே போய் ஆடலாம்.

திறமை இருந்தால் போதும், வாய்ப்பு தானாக வரும் என்று நாம் ஈஸியாகச் சொல்லிவிடுகிறோம். பாப்வாவிடம் திறமைக்குக் குறைவில்லை. 1965-ல் உலகின் தலைசிறந்த வீரர்களில் ஒருவரை வென்றே காட்டினார். அடுத்த ஆண்டு அவருக்கு சீசனே இல்லை.