கோவாவின் கேள்வியை மக்களிடம் கொண்டுசென்ற ஜாக் டி செக்வேரா

பிறந்த மண்ணை விட்டு அயலூரில் வாழும் நமக்கு, ஊர் சிறிதாயினும் அதன் பெயரும் மொழியும் எத்துணை அருமையானவை என்பதை எவரும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. அத்தகைய சிறு நாடொன்றின் எதிர்காலத்தை அந்நாட்டு மக்களே தீர்மானித்தல் வேண்டும் எனப் பாடுபட்ட பெருந்தகை ஒருவரின் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுகிறோம்.

ஜாக் டி செக்வேரா 1915ஆம் ஆண்டு ஏப்ரல் 20ஆம் நாள், பர்மாவின் இரங்கூன் நகரில் கோவாக் குடும்பமொன்றில் பிறந்தார். கோவாவில் 451 ஆண்டுகள் நிலைபெற்றிருந்த போர்த்துக்கீசியர் ஆட்சி 1961 டிசம்பர் 19இல் முடிவுற்றது. அந்நியர் அகன்றதும் புதியதொரு வினா எழுந்தது. கோவா தனித்து நிற்பதா, மகாராஷ்டிரத்துடன் இணைவதா?

1963 டிசம்பரில் நடந்த முதல் தேர்தலில், இணைப்பை விரும்பிய தயானந்த் பந்தோட்கரின் மகாராஷ்டிரவாதி கோமந்தக் கட்சி வென்று ஆட்சி அமைத்தது. செக்வேராவின் ஐக்கிய கோவர் கட்சி 12 இடங்களைப் பெற்றது. அவர் எதிர்க்கட்சித் தலைவரானார். சட்டமன்றப் பெரும்பான்மையைக் கொண்டே இணைப்பை நிறைவேற்றிவிட முயற்சி நடந்தது. மந்திரிசபைக்கு வாக்களித்தவர்கள் தம் நாட்டின் தனித்தன்மையை இழக்கவும் இசைந்தனர் எனக் கொள்ளலாகாது, அதனைத் தனியே கேட்டறிதல் வேண்டும் என்பதே செக்வேராவின் வாதம். அவர் தில்லித் தலைவர்களிடம் இடைவிடாது முறையிட்டார்.

1966 டிசம்பரில் அதற்கான சட்டம் நிறைவேறியது. வாக்கெடுப்பு நடுநிலையோடு நடைபெறும் பொருட்டுப் பந்தோட்கர் மந்திரிசபை பதவி விலகியது. செக்வேரா ஊர் ஊராகச் சென்று மக்களிடம் பேசினார். 1967 ஜனவரி 16இல் வாக்கெடுப்பு நடந்தது. இணைப்புக்குப் பூவும், தனித்து நிற்பதற்கு இரட்டை இலையும் சின்னங்கள். இலைக்கு 1,72,191 வாக்குகளும் பூவுக்கு 1,38,170 வாக்குகளும் கிடைத்தன. 34,021 வாக்குகளில் கோவா தன்னைக் காத்துக்கொண்டது.

இதன்பின் நிகழ்ந்ததே நம் சிந்தனைக்குரியது. இரண்டே மாதங்களில் நடந்த சட்டமன்றத் தேர்தலில் அதே மக்கள் பந்தோட்கரையே மீண்டும் முதல்வராக்கினர். ஆட்சிக்கு அவரை விரும்பியவர்கள் அவருடைய இணைப்புக் கொள்கையை ஏற்கவில்லை. செக்வேராவின் வாதம் மெய்யென்பதற்கு வேறு சான்று வேண்டுமோ? அவர் முதல்வராகவில்லை. எனினும் 1987 மே 30இல் கோவா மாநிலமானதைக் கண்டு, 1989 அக்டோபர் 19இல் மறைந்தார்.

நம் சங்கப் பொதுக்குழுவிலும் இது பொருந்தும். காரியதரிசியைத் தேர்ந்தெடுத்துவிட்டோம் என்பதாலேயே எல்லாவற்றுக்கும் இசைந்தோம் என்பதன்று. பெரிய காரியங்களைத் தனியே கேட்பதும், கிடைத்த விடையை இரு சாராரும் ஏற்பதுமே ஜனநாயகத்துக்கு அழகாம்.